குவாரி நடுவில் ஒரு புள்ளி

கணினித் திரையில் ஏரியின் மேல் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. அந்த ஏரிக்குப் பாலம் கிடையாது.

புள்ளி, திரை முன் உட்கார்ந்திருந்தவனுடைய மனைவியின் அண்ணன். மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுவதென்றால் அவருக்கு உயிர். வழி போடத்தான் தெரியாது. விடுமுறைதோறும் வரைபடத்தில் புள்ளிகள் வைத்துப் பாதையை ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றித் தருவது இவன். வண்டியில் அந்தக் கருவி போகும் இடமெல்லாம் இவன் திரையில் புள்ளியாக நகரும். கடைசிப் புள்ளி எப்போதும் இந்த வீடு, தங்கை கைச் சாப்பாடு. நடுவில் ஒரு புள்ளியை மட்டும் வேண்டுமென்றே சாலையை விட்டுத் தள்ளி வைப்பான். அதைத் தொடாமல் போனால் கருவி விடாது. திரும்பு, திரும்பு என்று இழுக்கும். மச்சான் சேறும் சகதியுமாக வந்து நிற்பார். சாப்பிடும்போது சிரிக்க ஒரு கதை கிடைக்கும்.

இந்த முறை அந்தப் புள்ளியை, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியின் நடுவில் வைத்திருந்தான். மாலையில் மூடுபனி இறங்கும் என்று நினைக்கவில்லை.

சற்று முன், பொழுது மங்கும்போது மச்சானின் போன் வந்தது. "மாப்ள, எதிர்ல ஒண்ணுமே தெரியல. உங்க மெஷின் நேரா போ, நேரா போங்குது. சக்கரத்துக்கு அடியில ஜல்லி சரியுதுய்யா."

திரும்பி வாருங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

"மெஷின் சொல்றபடி போங்க மச்சான். அதுக்கு உங்களவிட மூளை ஜாஸ்தி."

அவர் சிரித்தார். எஞ்சின் உறுமியது. ஏதோ வெகுநேரம் உருண்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம், அதற்குள்ளிருந்து மூச்சுத் திணறும் குரல்: "மாப்ள..."

இவன் போனை வைத்தான். உதவிக்கு ஆள் அனுப்பினால் பாதை போட்டது யாரென்று கேட்பார்கள். முதலில் குவாரிப் புள்ளியை அழித்தான். பாதையில் மிஞ்சியது வீடு மட்டும். குவாரியிலிருந்து வீட்டுக்கு ஒரு நேர்கோடு விழுந்தது. குவாரியில் நின்றிருந்த மச்சானின் புள்ளி அதன்மேல் நகரத் தொடங்கியது.

ஏரியைக் கடந்தது. தண்டவாளத்தைக் கடந்தது. தெருக்களைப் பார்க்காமல், வீடுகளுக்குள் புகுந்து வந்தது.

"என்னங்க, அண்ணன் எங்க வர்றாராம்?" அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"பக்கத்துலதான்."

"துண்டு எடுத்து வைக்கிறேன். நீங்க வழி போட்டு அவரு என்னைக்கு நனையாம வந்தாரு?"

வெளியே எஞ்சின் சத்தம் இல்லை. குரைத்துக்கொண்டிருந்த நாய் பாதியில் நிறுத்தியது. கல்தூளும் தேங்கிய தண்ணீரும் கலந்த வாடை அறைக்குள் பரவியது. பின்சுவரில் ஈரம். சொட்டு. இன்னொரு சொட்டு. நாற்காலிக்குப் பின்னால்.

திரையில் புள்ளி நின்றுவிட்டது.

"சேருமிடம் வந்துவிட்டது," என்றது மச்சானின் கருவி. அவன் பிடரிக்கு அருகில்.

மனைவி துண்டோடு வந்தாள். அவன் தலைக்கு மேலே பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணா. இதென்ன கோலம்! குனிங்க, தலையத் துவட்டி விடுறேன்."

அவன் அசையவில்லை. துண்டு உரசும் சத்தம். குளிர்ந்த விரல்கள் அவன் தோளில் அமர்ந்தன.

"திரும்பு," என்றது கருவி.

திரும்பவில்லை. துண்டோடு ஏதோ கழன்று வந்து அவன் காலடியில் சொத்தென்று விழுந்தது. முடியோடு. அவள் சிரித்தபடியே துவட்டிக்கொண்டிருந்தாள்.