காலி டப்பா

அடுப்படியிலிருந்து எடுத்து வந்த பால்மாவு டப்பாவின் படத்தில், மாவுக்கு மேலே ஒன்றுமில்லாத இடத்தில், கறுப்பாக ஓர் ஓட்டை விழுந்திருந்தது.

குழந்தையின் அப்பா கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஓட்டை அப்படியே இருந்தது.

சீல் வைத்த டப்பாவைத் திறக்காமலே உள்ளே இருப்பதைக் காட்டும் கருவி அது. இந்த முன்னறையில் அவர் கையாலேயே செய்தது. முன்னால் எது நின்றாலும், அது அசைய அசையத் திரையில் வரைந்துகொண்டே இருக்கும். பால்மாவுக் கம்பெனி சோதிக்க அனுப்பிய டப்பாக்கள் எல்லாம் சுத்தம் என்று கருவி சொல்லிவிட்டது. அதை நம்பித்தான் போன வாரம் ஒன்றை உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

"டப்பாவைக் குடுங்க, பாப்பாவுக்குப் பால் கலக்கணும்," என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

"இரு, ஒரே ஒரு படம்."

"அடுப்படி வரைக்கும் வந்தாச்சா? அடுத்து என்னையும் பாப்பாவையும் அதுல நிக்க வைப்பீங்க." சிரித்தாள். "நல்லவேளை, இந்த மாவு ஆரம்பிச்சதுலேர்ந்து அழுகையே இல்ல."

இதை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள், கதை கேட்கிற கண்ணுகளா. கருவி முதலில் ஒரு காலி டப்பாவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு எந்த டப்பா வந்தாலும், அந்தப் படத்தில் உள்ளதையெல்லாம் கழித்துவிடும். தகரமும் மூடியும் மறைந்து, மிச்சம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஒன்றுமில்லாத இடம் சாம்பல் நிறம். கறுப்பு வரவே கூடாது. வந்தால், காலி டப்பாவில் இருந்த ஏதோ ஒன்று இதில் இல்லை என்று பொருள்.

அந்தக் காலி டப்பாவும் கம்பெனி சீல் வைத்து அனுப்பியதுதான். அவர் திறந்து பார்க்கவில்லை. திறக்காமல் பார்க்கிறவருக்குத் திறப்பது கௌரவக் குறைச்சல்.

அலமாரியிலிருந்து அதை எடுத்தார். தலைக்கு மேல் மின்விசிறி கறகறத்துக்கொண்டிருக்க, மாவின் இனிப்பு வாடையும் தகர வாடையும் கலந்து மூக்கில் ஏற, சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் நீட்டிக்கொண்டே போக, டப்பா உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருப்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

கழித்தலை நிறுத்தினார். டப்பாவைக் கருவியின் முன்னால் வைத்தார்.

உள்ளே, முழங்காலை மோவாயோடு மடக்கிக்கொண்டு, கைப்பிடி அளவில் ஒன்று.

சீல் உடைக்காத இன்னொரு டப்பா. அதிலும். அதே இடம், அதே மடக்கல். அடுத்ததிலும். எல்லாவற்றிலும்.

அடுப்படி டப்பாவில் மட்டும் இல்லை.

"எத்தனை தடவை கேக்கறது?" மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, டப்பாவுக்குக் கை நீட்டினாள். கருவியின் முன்னால் நின்றாள்.

நகரச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் குழந்தையின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அப்பாவுக்கு டாட்டா காட்டு, தங்கம்."

திரையில், குழந்தையின் சின்ன விலா எலும்புகளுக்குள் அது மடங்கி உட்கார்ந்திருந்தது. நீண்ட கை ஒன்றை, கையுறைக்குள் விடுவதுபோல், குழந்தையின் கைக்குள் நுழைத்தது.

முதலில் அந்தக் கை ஆடியது.

பிறகு, குழந்தையின் கை.