மடித்து வைத்த துண்டு

"கட்டிப் போட்ட அந்தக் கை யாரோடதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன சாவிக்கடைக்காரன், நாற்காலியில் உட்காராமலே நின்றான்.

எதிரே உட்கார்ந்திருந்த துப்பறிவாளருக்கு ஊரார் வைத்த பெயர் நிதானம். குடியிருந்த மாடி தீப்பிடித்தபோது பாதிப் படியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு இறங்கியவர் அவர். அதுவரை தீ பின்னால் காத்திருந்தது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அவருக்கு உதவியாளன், மனைவியின் தம்பி அவசரம். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவான். சில நாள் அவனுக்குக் கேள்வியே வேண்டியதில்லை.

"கொலைதான் அத்தான்" என்றான் அவசரம்.

"செத்தது யாருன்னாவது கேளுடா" என்றார் நிதானம்.

செத்தது சாவிக்கடைக்காரனின் அப்பா. ஆயுள் முழுக்கத் துணிக்கடையில் விரித்துக் காட்டி, விரித்ததை மடித்து வைத்தவர். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தவர், ஒரு விடிகாலையில் மூச்சை நிறுத்திவிட்டார். மகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது மணிக்கட்டில் சிவந்த தடம் இருந்தது.

"கட்டிப் போட்டிருக்காங்க சார், மாட்டைக் கட்டற மாதிரி. கேட்டா பதிவேட்டை நீட்டறாங்க. மூக்குக் குழாயைப் பிடுங்கினாராம். டாக்டர் உத்தரவுப்படி ரெண்டு கையையும் பெல்ட்டால கட்டினாங்களாம். ரெண்டு மணிக்கொரு தடவை அவுத்துவிட்டு, தண்ணி குடுத்தாங்களாம். எங்கப்பா விதிப்படி செத்தாராம்!"

"ராத்திரி கூட இருந்தது?"

"அம்மா. எதைக் கேட்டாலும் 'தூங்கிட்டேன்டா'ன்னு அழறாங்க."

அன்று காலை எடுத்த படத்தை அவன் போனில் காட்டினான். நெஞ்சின் மேல் சேர்த்து வைத்த இரண்டு கைகள். இடது மணிக்கட்டில் தடம், வலது மணிக்கட்டு சுத்தம். ஓரத்தில் கட்டிலை ஒட்டிய மேஜை. அதன்மேல் நீலக் கரை போட்ட துண்டு, கடை அலமாரியிலிருந்து எடுத்து வைத்ததுபோல் மடிப்புக் கலையாமல்.

நிதானம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுத் துண்டா?"

"அப்பாவோடது."

"வீட்டுல துணி மடிக்கிறது யாரு?"

மகன் விழித்தான். "அப்பாதான். அம்மா சுருட்டித் திணிக்கிற ஆளு. கல்யாணம் ஆனதுலேருந்து அதுக்குத்தான் சண்டை. 'நீ மடிச்சா துணி அழுவுதுடி'ம்பாரு."

மறுநாள் பகலில் இருவரும் அந்த வார்டைப் பார்த்தார்கள். கட்டிலுக்கு இடப்பக்கம், துணைக்கு வந்தவர் படுக்க ஒரு பெஞ்சு. சுவரில், கைகட்டும் பெல்ட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஆய்வுக் குழு வரப்போகிறது என்று வாங்கியவை. எல்லாம் ஒட்டிய உறை பிரிக்காமல் பளபளத்தன.

"பெல்ட் புதுசு, நர்ஸ் பழசு. கொலைகாரி அவங்கதான் அத்தான்!"

"அன்னிக்கு ராத்திரி டூட்டி நர்ஸ் அந்தம்மா, ரெண்டு வார்டுக்கு ஒத்தை ஆளு. கொலை பண்ண நேரம் ஏதுடா?"

அன்று மாலை ஆஸ்பத்திரி நிர்வாகியின் அறையில் எல்லாரும் கூடினார்கள். நிர்வாகி பதிவேட்டை நடுவில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை ஊன்றியிருந்தார். நர்ஸ் சுவரோரம் நின்றாள். மகனுக்குப் பக்கத்தில் அவன் அம்மா, சால்வையைப் போர்த்திக்கொண்டு சுருங்கி உட்கார்ந்திருந்தாள். தேநீர் வந்தபோது இடது கையால் வாங்கினாள். வலது கை சால்வையை விட்டு வெளியே வரவில்லை.

"ரெண்டு கையையும் கட்டினதா எழுதியிருக்கு. தடம் ஒரு கையிலதான். பெல்ட்டெல்லாம் உறைக்குள்ளயே தூங்குது. ஆஸ்பத்திரி அவரைக் கட்டவே இல்லை" என்றார் நிதானம்.

நிர்வாகிக்கு உயிர் வந்தது. "அதைத்தானே நாங்களும்..." என்று ஆரம்பித்து, பதிவேடு வேறு மாதிரி சொல்வது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"காலையில தடத்தைப் பாத்துப் பயந்துட்டீங்க. பதிவேட்டுல எழுதாம ஒருத்தரைக் கட்டியிருந்தா ஆய்வுல மாட்டுவீங்க. அதனால நடக்காத கட்டுக்கு உத்தரவு, நேரம், தண்ணி எல்லாம் உக்காந்து எழுதினீங்க. செய்யாத தப்பை விதிப்படி செஞ்சதா ஒத்துக்கிட்ட ஆளுங்களை நான் இப்பத்தான் பாக்கறேன்."

"அப்ப கட்டினது யாரு?" மகன் எழுந்துவிட்டான். "யாரு சார் அந்தக் கை?"

நிதானம் சால்வையைப் பார்த்தார். அவசரமும் அங்கேயே பார்த்தான். பிறந்ததிலிருந்து அவன் வாய் மூடியிருந்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மா சால்வையை விலக்கி வலது கையை மேஜைமேல் வைத்தாள். மணிக்கட்டைச் சுற்றி அதே சிவந்த தடம்.

"நான்தான்டா. குழாயைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாரு. கூப்பிட்டா யாரும் வரலை. கண்ணு சொக்குது. துண்டோட ஒரு முனையை அவர் கையில, இன்னொரு முனையை என் கையில கட்டிக்கிட்டேன். அவர் இழுத்தா நான் முழிச்சுக்குவேன்ல? ராத்திரி பூரா இழுத்தாரு, ராத்திரி பூரா எழுந்தேன். கடைசியில..." அவள் தடத்தைத் தடவினாள். "கடைசியா இழுத்திருப்பாரு. நான் எழுந்திருக்கலை. கூப்பிட்டவரை அப்படியே விட்டுட்டேன்."

மகன் மெதுவாக உட்கார்ந்தான்.

"அம்மா, காலையில முழிச்சப்ப துண்டு எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் நிதானம்.

"மேஜைமேல. நர்ஸம்மா வந்து அவுத்து மடிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"நீங்களா?" நிதானம் நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"ஆமா, எங்க நர்ஸ்தான்!" என்றார் நிர்வாகி. "விதிப்படி வந்து அவுத்திருக்காங்க. பதிவேட்டுல இருக்கே!"

நர்ஸ் பதிவேட்டைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் கிடந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"இல்லைங்க. பக்கத்து வார்டுல ஒரு உயிர் ஊசலாடிட்டிருந்துச்சு. நான் அந்த ராத்திரி அவர் கட்டில் பக்கமே வரலை. விடிஞ்சு வந்தப்ப துண்டு மடிச்சுத்தான் இருந்துச்சு. எழுதச் சொன்னாங்க, எழுதினேன்."

தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அவள் நிர்வாகியின் உள்ளங்கைக்கு அடியிலிருந்து பதிவேட்டை உருவி, ஒவ்வொரு வரியாக அடித்துக் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரத்தில் அந்த ஆஸ்பத்திரி கடைப்பிடித்த ஒரே விதி அதுதான்.

"நர்ஸ் வரலை. நீங்களும் மடிக்கலை" என்றார் நிதானம். "விடியறதுக்குள்ள அவருக்குத் தெளிவு வந்திருக்கும்மா. பக்கத்துல திரும்பிப் பாத்திருக்காரு. இழுத்தா நீங்க எழுந்திருப்பீங்கன்னு அவருக்குத் தெரியும். இழுக்கலை. சும்மா இருந்த வலது கையால முடிச்சை அவுத்திருக்காரு, ரெண்டு பக்கமும். அப்புறம் வழக்கம்போல மடிச்சு வெச்சிட்டாரு."

மகன் போனை அம்மாவிடம் நீட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"கரை மேல வந்திருக்கு" என்றாள். "அவருதான்."

பிறகு தன் பைக்குள் கைவிட்டு அந்தத் துண்டை எடுத்தாள். அது பந்தாகச் சுருண்டிருந்தது. மேஜைமேல் விரித்து, படத்தைப் பார்த்துப் பார்த்து மடித்தாள். கரை உள்ளே போய்விட்டது. மறுபடி பிரித்தாள்.