காலிக் குழலில் ஒரு போல்ட்

காலை ஏழு நாற்பதுக்கு எம்மெட் கட்லெக்கின் பழைய மஞ்சள் விமானம் ஓடுதளப் புல்லின் கோடியில் மூக்குக் குத்தி விழுந்தது. திடலில் காலை விருந்துக்கு அப்பம் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் கரண்டியோடு ஓடினார்கள். எம்மெட் பின் இருக்கையில் செத்துக் கிடந்தார். வலது கையில் கட்டுப்பாட்டுக் கோல். உடையவில்லை, வளையவில்லை. அடியோடு கழன்று வந்திருந்தது.

"செத்தும் விடாம பிடிச்சிருக்கான் பாரு," என்றார் ஒருவர்.

யாரும் அழவில்லை. அயோவாவின் அந்தச் சின்ன விமானத் திடலில் எம்மெட்டின் நாக்கிடம் அடி வாங்காதவர் கிடையாது.

எட்டு மணிக்கு மாவட்டத் துப்பறிவாளர் லோர்னா வெசெலி வந்தாள். அவளுக்கும் அங்கே ஒரு விமானம் உண்டு. யாரிடமும் எதுவும் கேட்காமல் சிதைவுக்குள் குனிந்தாள்.

முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, ஆளுக்கொரு கோல். தனியாக ஓட்டுபவர் பின்னால்தான் உட்கார வேண்டும். கோலின் அடி ஓர் இரும்புக் குழலுக்குள் இறங்கும். குறுக்கே ஒரு போல்ட் அதைப் பூட்டும். பின் குழலில் போல்ட் இல்லை. துளை கொஞ்சமும் சிதையவில்லை. முன் குழலில் கோலே இல்லை, ஆனால் போல்ட் மட்டும் நட்டோடு குறுக்கே இருந்தது. லோர்னா அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உறையில் போட்டுக்கொண்டாள்.

விமானக் கொட்டகையின் வேலை மேசையில் ஒரு காலிக் குழல், ஒரு பழைய கோல், நட்டோடு ஒரு போல்ட் மூன்றையும் வைத்துவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

முதலில் டுவைட் ஹ்ரூஸ்கா. போன வாரம் இரண்டு கோலையும் புதுப்பித்துப் பொருத்தியவன். வெளியே ஜனங்கள் அதற்குள் அவனைக் கொலைகாரன் ஆக்கிவிட்டிருந்தார்கள்.

"பழைய பெயிண்டச் சுரண்டிட்டுப் புதுசா அடிச்சேன். முன்னாடி கறுப்பு, பின்னாடி பச்சை. எம்மெட் கேட்ட நிறம்."

"போல்ட்?"

"ரெண்டு கோலுக்கு ரெண்டு புது போல்ட். நானே முடுக்கி, நட்டு கழராம பூட்டு ஊசியும் குத்தினேன்."

"அப்புறம் எப்படிக் கழண்டுச்சு?"

"அதான் புரியல. பெயிண்ட் தடிச்சுப் போச்சு, ரப்பர் சுத்தியால தட்டித்தான் குழல்ல எறக்கினேன். அவ்வளவு இறுக்கம்."

"போல்ட் இல்லாமலே நிக்கிற அளவுக்கா?"

"தரையில ஆட்டிப் பாத்தா நிக்கும். மேல போய்ப் பலமா இழுத்தா..." அவன் முகம் வெளுத்தது. "லோர்னா, நான் போடாம விடல. என்னை உள்ள தள்ளிருவாங்க."

பேசிக்கொண்டே மேசைமேல் இருந்த போல்ட்டை எடுத்துப் பக்கத்தில் இருந்த தகரத் தட்டில் போட்டான்.

"எதுக்கு அது?"

"எது? ஓ... கழட்டினதெல்லாம் தட்டுக்குத்தான் போகும். இல்லன்னா உருண்டு ஓடிரும்."

லோர்னா போல்ட்டை மறுபடி மேசையில் வைத்தாள்.

அடுத்து ஆர்லின், எம்மெட்டின் மனைவி. உதட்டுச் சாயம் கலையவில்லை.

"என்ன பாக்குற? அழணுமா? கல்யாணமான வருஷமே மொத்தமா அழுது தீத்துட்டேன்."

"முன்னாடி ஸ்டிக்கை யாரு எடுத்தா?"

"நான்தான், நேத்து சாயங்காலம். அப்பம் திங்க வர்ற குழந்தைகள முன்னாடி உக்கார வெச்சு ஒரு சுத்து சுத்துவாரு. ஸ்டிக் இருந்தா அதுங்க பிடிச்சு இழுக்கும். எல்லாரும் செய்யறதுதானே, நீயும் செய்வே."

"எங்க இருக்கு?"

சுவரைக் காட்டினாள். ஆணியில் கறுப்புக் கோல் தொங்கியது. அதன் அடித்துளையில் அதன் போல்ட். இங்கே மேசையிலும் அவள் கை, போல்ட்டைப் பழைய கோலின் துளையில் செருகிவிட்டிருந்தது.

"எதோட போல்ட்டோ அதோடயே கிடக்கணும்."

கடைசியாக ரஸ்ஸல் டூபா. ஒரு காலத்தில் அந்தத் திடலிலேயே நல்ல விமானி. கண் மங்கியதென்று உரிமம் பறிபோனது. இப்போது புல் வெட்டுகிறார்.

"காலைல கொட்டகையத் திறந்தது?"

"நான்தான். எப்பவும் நான்தான்."

"எம்மெட் விமானத்தைத் தொட்டீங்களா?"

"நானா? நான் குருட்டுக் கோழியாச்சே! தினம் சாப்பாட்டு வரிசையில வெச்சு அப்படித்தான் கூப்புடுவான். அவனையே கேளேன்... அய்யோ, பதில் சொல்ல மாட்டானே!" சிரித்தார். விரல்கள் போல்ட்டைத் தேடி எடுத்துக் காலிக் குழலில் செருகி, நட்டைச் சுழற்றின.

"ஓட்டை சும்மா கிடந்தா உங்களுக்கு ஆகாதோ?"

"தொலையாதும்மா. எங்கப்பன் அறைஞ்சு பழக்கினது."

பத்து மணிக்கு மூவரையும் ஒன்றாக நிறுத்தினாள். ரஸ்ஸலின் மனைவி டெலோரிஸ் அப்பத்துக்கான பாகு ஜாடியோடு வாசலில் நின்றாள்.

"போல்ட் மொத்தம் ரெண்டே ரெண்டு," என்றாள் லோர்னா. "கறுப்பு ஸ்டிக்கோடது சுவத்துல அதோடயே தொங்குது. அப்ப முன் குழல்ல இருந்தது எது?"

உறையைத் தூக்கிக் காட்டினாள். போல்ட்டின் தண்டில் மெல்லிய பச்சை வளையம், புதுப் பெயிண்ட் உரசிய தடம்.

"பின் ஸ்டிக்கோடது. கழட்டினவர் அதப் பையில போட்டுக்கிட்டுப் போயிருந்தா நான் டுவைட்டத்தான் கூட்டிட்டுப் போயிருப்பேன். ஆனா பக்கத்துல ஒரு காலிக் குழல் இருந்துச்சு. கை சும்மா இருக்கல. டுவைட் கை தட்டுக்குப் போகும். ஆர்லின் கை ஸ்டிக்குக்குப் போகும். காலி ஓட்டைக்குப் போற கை உங்களோடது, ரஸ்ஸல்."

டுவைட் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.

ரஸ்ஸல் மறுக்கவில்லை. "என் கண்ணப் பத்தி டாக்டருக்குப் போன் போட்டு என் உரிமத்தப் பிடுங்கினான். பிடுங்கிட்டு, தினம் அதச் சொல்லியே சிரிச்சான். நல்லா விழுந்தான்."

"அவரு போன் பண்ணல, ரஸ்." டெலோரிஸ் பாகு ஜாடியைக் கீழே வைத்தாள். "நான்தான். சிவப்பு விளக்கு தெரியாம காரை லாரி முன்னாடி விட்டியே... நீ மேல போய்ச் செத்துருவேன்னு பயந்தேன்."

"அவன் இல்லன்னு சொல்லலியே? மூஞ்சிக்கு நேரா கேட்டேனே!"

ஆர்லின் கைப்பையை மூடினாள். "எதுக்குச் சொல்லணும்? போன் பண்ணது யாருன்னு அவருக்குத் தெரியும். அது தெரியாம நீ உன் பொண்டாட்டியக் கொஞ்சிக்கிட்டு, அவரப் பாத்துப் பல்லக் கடிக்கிறது அவருக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

ரஸ்ஸலின் கை மேசைமேல் இருந்த குழலின் நட்டை முடுக்கிக்கொண்டே இருந்தது. விலங்கு மாட்டுவதற்கு லோர்னா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.