குட்டிகளுக்கு வந்த மீன்

பசி வந்தால் அமோடிங்குக்கு முதலில் முட்டிதான் வலிக்கும். வயிறு பிறகுதான் ஞாபகம் வரும்.

தோட்டத்து மக்காச்சோளம் இன்னும் முற்றவில்லை. பழைய மூட்டை எப்போதோ காலி. அம்மா அகிசா கரும்புக் காட்டில் களை பறித்துக் கொண்டுவரும் கூலியில், ராத்திரிக்கு மட்டும் களியும் கீரையும் கிடைக்கும்.

ஆனால் வீட்டில் ஒரு டின் நிறைய மீன் இருந்தது. ஏரியில் பிடித்து வெயிலில் காயவைத்த பொடிமீன். அது அவர்கள் வளர்க்கும் பன்றிக்குட்டிகளுடையது.

கொண்டுவந்தவள் நெலிமா. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். தவிடும் வள்ளிக்கிழங்குக் கொடியும் தின்னும் குட்டிகளுக்குக் கொஞ்சம் மீனும் இடித்துக் கலந்தால் சீக்கிரம் வளருமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஊரில் சில வீட்டுக் குட்டிகளுக்கு மீன் உண்டு, சில வீட்டுக்குக் கிடையாது. இரண்டையும் எடை போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

மீன் இடிப்பது அமோடிங்கின் வேலை.

முதல் நாள் ஒரே ஒரு மீனை வாயில் போட்டாள். ருசி பார்க்கத்தான். மறுநாள் தம்பி எமுரியா உரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எதுவும் கேட்கவில்லை. வாயை மட்டும் திறந்தான்.

அதற்கப்புறம் உரலில் தவிடுதான் விழுந்தது.

இன்று எடை போடும் நாள். நெலிமா மாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, ஒரு குட்டியைச் சாக்கில் போட்டு மாட்டினாள். சாக்கு ஆடியது. உள்ளேயிருந்து ஊரே கேட்கிற மாதிரி கத்தல்.

பல்குச்சியை மென்றபடி பக்கத்து வீட்டு ஒகிரிங் வேலியோரம் வந்து நின்றார்.

"என்னம்மா, வெறும் சாக்கையா நிறுக்கிற? சத்தம்தான் கேக்குது, குட்டியைக் காணோம்!"

நெலிமா சிரிக்கவில்லை. தராசு முள்ளை இன்னொரு தடவை பார்த்தாள்.

"அகிசா அக்கா, மீன் போடாத வீட்டுக் குட்டிங்க மாதிரியேதான் இருக்கு. தினமும் போடுறீங்கதானே?"

"போடாம என்ன?"

"மீனுக்குக் கால் முளைச்சு சந்தைக்கு நடந்து போயிருக்கும்," என்றார் ஒகிரிங். "நல்ல விலை போகுதாமே!"

அம்மா நிமிர்ந்தாள். "அண்ணே, பாத்துப் பேசுங்க. எம் பிள்ளைங்க வெறும் கீரையத் தின்னுட்டுப் படுக்கும். ஆனா அடுத்தவங்க பொருள்ல ஒரு முள்ளக்கூடத் தொடாது. இடிக்கிறது எம் மகதான். அவளையே கேளுங்க."

எல்லோரும் அமோடிங்கைப் பார்த்தார்கள். அதுவரை வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்த எமுரியா சட்டென்று மூடிக்கொண்டான்.

"ஆமா... நான்தான் இடிக்கிறேன்," என்றாள் அமோடிங். அவள் காது இரண்டும் சுட்டன. தன் வாயிலிருந்து வரும் மீன் வாடை எல்லோருக்கும் அடிக்கும் என்று தோன்றியது.

ஒகிரிங் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டினார். நெலிமா தராசைக் கழற்றினாள். "சரிக்கா, அடுத்த டின்னை வேற வீட்டுக்குக் குடுத்துடுறேன்," என்றாள் தாழ்ந்த குரலில்.

அம்மா கையில் ஒட்டாத மண்ணைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

அமோடிங்கால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வேலிக்கு ஓடினாள்.

"ஒகிரிங் மாமா! நில்லுங்க. நீங்களும் கேக்கணும்."

அவர் திரும்பினார்.

"மீன் சந்தைக்குப் போகல. எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் தின்னேன்."

"நானும்," என்றான் எமுரியா.

ஒகிரிங் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் தங்கச்சி..."

"போயிட்டு வாங்கண்ணே," என்றாள் அம்மா. அவர் போனதும் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மகளை அடிக்கவில்லை. மகளைப் பார்க்கவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது அமோடிங்குக்கு.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் நெலிமா.

"ஆரம்பத்துலேர்ந்தே."

"அப்போ இந்த ஈத்துக் குட்டிங்களை என் கணக்குல சேக்க முடியாது. மீன் தின்னதுன்னு எழுதினா பொய்யாயிடும்." நெலிமா பெருமூச்சு விட்டாள். "பசிச்சா எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

நெலிமா யோசித்தாள். "மாட்டேன்," என்றாள். "அது குட்டிங்களுக்கு வாங்கினது." சொல்லிவிட்டு எமுரியாவின் குச்சிக் கால்களைப் பார்த்தாள். பிறகு அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா," என்றாள் அமோடிங். "ஒரு கையில சாக்கு, ஒரு கையில குட்டி, வாயில பேனான்னு திண்டாடுறீங்க. மத்த வீட்டுக்கெல்லாம் நான் வந்து குட்டி பிடிச்சுத் தரேன். ஆராய்ச்சி முடியிற வரைக்கும்."

"கடிக்கும்."

"கடிக்கட்டும்."

நெலிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நாளைக்குக் காலையில வந்துடு. ஆனா இந்த ஈத்துக்கு இனிமே மீன் கிடையாது. பன்னி அடுத்த ஈத்து போடும்போது பாக்கலாம்."

நெலிமாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்த பிறகு அம்மா எழுந்தாள்.

"பசின்னா எங்கிட்டச் சொல்லு."

"சொன்னா?"

"சொல்லு. ஒண்ணும் இல்லாட்டியும் எனக்குத் தெரியணும்ல?"

அமோடிங் தலையாட்டினாள். வள்ளிக்கொடியை அள்ளிக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். எட்டுக் குட்டிகளும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. எல்லாவற்றிலும் சின்னது மட்டும் கொடியை விட்டுவிட்டு அவள் விரல்களை மோந்து பார்த்தது. மூக்கைச் சுருக்கி மறுபடியும் மோந்தது.

"இப்ப இல்லடா," என்றாள். "ஆனா மறக்க மாட்டேன்."

மற்ற வீடுகளில் குட்டி பிடித்து நெலிமா அக்காவுக்குச் சரிக்கட்டிவிடலாம். இந்த எட்டுக் குட்டிகளுக்கு ஒரு டின் மீன் பாக்கி.