செவலைக்குப் பிறந்த பழுப்புக் குட்டி

இது நடந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. இதில் எது நான் கண்டது, எது பிறகு யோசித்து யோசித்து நானே சேர்த்துக்கொண்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. முக்கியமான ஒரு விஷயத்தை நானாகச் சொன்னேனா, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னேனா என்பதிலும் சந்தேகம் உண்டு. நானாகத்தான் சொல்லியிருப்பேன்.

மால்ட்டன் ஊரில் குதிரை வைத்தியர் ஆம்ப்ரோஸ் தாக்ரேயின் வீட்டை ஒட்டி என் லாடப் பட்டறை. குதிரை விஷயத்தில் எங்கே சிக்கல் என்றாலும் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் கிளம்பினால் நான் சுத்தியலைப் போட்டுவிட்டுக் கூடவே கிளம்புவேன். அவர் அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையை நான் ஈடுகட்டுவேன்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, திருமதி ஹெஸ்டர் டன்னிங்டன் மழையில் நனைந்தபடி வந்தார். கணவர் போன பிறகு கொஞ்சம் நிலத்தையும் ஒரு செவலைப் பெட்டைக்குதிரையையும் வைத்துக் காலம் தள்ளுகிறவர்.

"டாக்டர், எங்க கேலப்பைப் பிடிச்சு அடைச்சிட்டாங்க. நாளை மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தப் போறாங்க. குட்டியை மாத்திட்டானாம்."

கேலப் ரெய்ன் அவரிடம் பதினைந்து வருடமாகக் குதிரை பார்க்கிறவன். போன வருடம் மே மாதம், ஸர் பியர்ஸ் ஹாலமின் பண்ணைக்கு அந்தப் பெட்டையை ஓட்டிப்போய் ரெட் பீக்கனோடு சேர்த்துக் கொண்டுவந்தவன் அவன்தான். பதினான்கு பந்தயத்தில் பதினொன்றை வென்ற செவலை ரெட் பீக்கன். ஓட்டம் முடிந்த பிறகு பொலிகுதிரையாக நின்றது. எங்கெங்கிருந்தோ பெட்டைகள் வரும்.

"குட்டி பிறந்து ஒரு வாரமாச்சு. பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, கறுப்பு வால். ஸர் பியர்ஸ் பார்க்க வந்து முகத்தைச் சுளிச்சாரு. 'ரெண்டு செவலைக்கு இது எப்படிப் பிறக்கும் ஸ்கெல்டன்'னு கேட்டாரு. 'இது நம்ம குட்டியே இல்ல துரை, பீக்கன் குட்டியை வித்துட்டு எவனோ இங்க மாத்திட்டான்'னு ஸ்கெல்டன் சொல்லிட்டாரு. குட்டி பிறக்கும்போது கேலப்பைத் தவிர யாருமில்ல. நானும் தூங்கிட்டேன்." முகத்து மழைநீரைத் துடைத்துக்கொண்டு, "அவன் பண்ணியிருப்பானான்னு எனக்கே தெரியல டாக்டர். அதுதான் தாங்க முடியல," என்றார்.

லூக் ஸ்கெல்டன் அந்தப் பண்ணையின் தலைமைக் குதிரைக்காரர். ரெட் பீக்கன் பிறந்த அன்று அதைத் துடைத்து நிறுத்தியவர்.

நாங்கள் போனபோது பெட்டை மழையில் நின்று குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. தாக்ரே வேலியில் சாய்ந்து இரண்டின் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"அம்பிள்பி, குட்டியோட இடது முன்கால் குளம்பைப் பாரு."

"உள்பக்கமாத் திரும்பியிருக்கு ஐயா." பெட்டையின் காலைப் பார்த்தேன். "அடடே, அம்மா கால் அப்படியே! எத்தனை தடவை அதுக்கு லாடம் அடிச்சிருக்கேன்!"

"அப்ப இது இவ குட்டிதான். மாறினது குட்டி இல்ல."

"பின்ன என்ன மாறிச்சு?"

அவர் அதற்குள் வண்டியை நோக்கி நடந்துவிட்டார்.

காவல் கொட்டடியில் கேலப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். "பத்திரமாப் போயி பத்திரமா வந்தேன் டாக்டர். வேற எதுவும் தெரியாது."

"சேர்க்கும்போது பெட்டை தலையை யார் பிடிச்சது?"

"ஸ்கெல்டனே பிடிச்சாரு. மழையா இருக்கு, நீ அடுக்களைக்குப் போடான்னு அனுப்பிட்டாரு. மாட்டிறைச்சியும் பீரும் குடுத்தாங்க. திரும்பி வந்தா வேலை முடிஞ்சிருந்தது. நல்ல மனுஷன்னு நெனச்சேன்."

எங்கள் பக்கத்தில் பெட்டையைக் கொண்டுவந்தவன்தான் அதன் தலையைப் பிடிப்பான். வேற்று ஆள் பிடித்தால் அது மிரளும். விருந்தாளியை அந்த நேரத்தில் சாப்பிட அனுப்புகிற பண்ணையை நான் கேள்விப்பட்டதில்லை.

திரும்பும் வழியில் அந்த மௌனம் தாங்காமல் நான்தான் வாயைத் திறந்தேன். ஸர் பியர்ஸ் பண்ணைக்கும் லாடம் அடிப்பது நான்தானே.

"ரெட் பீக்கன் கால் மாதிரி ஒரு கால் கிடையாது ஐயா. ஆறு வாரம் கழிச்சுக் கழட்டினாலும் பின்னங்கால் லாடம் புதுசு மாதிரியே இருக்கும். அந்த டிங்கர் இருக்கே, அதுக்கு நுனி ரெண்டும் தேஞ்சு கத்தியாயிடும்."

டிங்கர் பழுப்புக் குதிரை, கறுப்புப் பிடரி. ஓடிய பந்தயமெல்லாம் கடைசி. பெட்டைக்கு மனம் வந்துவிட்டதா என்று பார்க்க முதலில் கொண்டுவந்து காட்டுவார்களே, அந்தச் சோதனைக்குதிரையாக அதை வைத்திருந்தார்கள். அதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு பிடித்து இழுத்துப் போய்விடுவார்கள்.

தாக்ரே வண்டியை நிறுத்தினார். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கும் புரிந்துவிட்டது.

மறுநாள் காலை பண்ணை முற்றத்தில் ஸ்கெல்டன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்னப்பா அம்பிள்பி, சுத்தியல் இல்லாம வந்திருக்கே? வைத்தியருக்கு வாலாயிட்டியா?"

தாக்ரே நேராக டிங்கரின் தொட்டிக்குப் போய்க் கையை விட்டார். கொழுத்த அவரை, ஓட்ஸ், ஒரு முட்டை ஓடு. பொலிகுதிரைக்குப் போடும் தீனி.

"கல் பாவின முற்றம் லூக். பெட்டை மேல ஏறுற குதிரை பின்னங்கால் நுனியிலதான் நிக்கும். லாடம் அங்கதான் தேயும். ரெட் பீக்கனுக்குத் தேயவே இல்ல, டிங்கருக்குத் தேஞ்சிருக்கு. முப்பது வருஷத்துல ரெண்டு செவலைக்குப் பழுப்புக் குட்டி பிறந்து நான் பார்த்ததில்ல. உனக்கும் அது தெரியும். தெரிஞ்சும் ஏன் ஒரு செவலைப் பெட்டைக்கு டிங்கரை விட்டே?"

ஸ்கெல்டன் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. "செவலைப் பெட்டை எது வந்தாலும் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பிடுவேன். இதுக்கு ஸர் பியர்ஸே வாக்குக் குடுத்துட்டாரு, அந்தம்மா புருஷன் அவரோட சிநேகிதராம். அப்பன் செவலை, அம்மா பழுப்புன்னா குட்டி எப்படிப் பிறந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க. மூணு வருஷம் ஓட்டிட்டேன். இதுவும் செவலையாப் பிறந்துடாதான்னு கும்பிட்டேன்."

"பீக்கனால முடியாமப் போனது எப்பலேருந்து?"

"அதுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதிலேருந்து. ஒரு பெட்டைக்கும் சினை நிக்கல. சொன்னா அன்னிக்கே சுட்டிருப்பாங்க டாக்டர். தீனி தின்னுக்கிட்டு சும்மா நிக்கிற குதிரையை அவர் வெச்சுக்க மாட்டாரு."

"அதுக்காக ஒரு மனுஷன் உள்ள இருக்கான்."

"ஆறு மாசம் போட்டாலும் மனுஷன் வெளிய வந்துடுவான்." ஸ்கெல்டன் லாயத்துப் பக்கம் திரும்பினார். "இவன் வரமாட்டானே."

ரெட் பீக்கன் கதவுக்கு மேலே தலையை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழைநீர் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தாக்ரே இன்னும் கொஞ்சம் யோசித்தால் வேறு வழி கிடைத்துவிடும் என்று நான் நம்பினேன். அவர் தொப்பியைக் கழற்றி, ஈரத்தை உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீயே வந்து சொல்றியா லூக், நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

இருவரும் ஸர் பியர்ஸின் வீட்டை நோக்கி நடந்தார்கள். நான் அங்கேயே நின்றேன்.

வியாழக்கிழமை காலை கேலப்பை விட்டுவிட்டார்கள். ரெட் பீக்கனைச் சுட்டதும் அதே காலைதான். ஸ்கெல்டன் வேலை போய், ஹல் துறைமுகத்தில் சரக்கு வண்டிக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்து, நான்காம் வருடம் மார்ச் மாதத்தில் நெஞ்சுச் சளியில் இறந்தார். திருமதி டன்னிங்டன் அந்தக் குட்டியை விற்கவில்லை. அது பந்தயம் ஓடவில்லை, அவர் வண்டியை இழுத்தது. கேலப் அவரிடமே கடைசிவரை இருந்தான். ஆனால் அவர் தன்னைச் சந்தேகப்பட்டது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் அவர் மேஜையில் அவன் உட்கார்ந்து சாப்பிடவில்லை. டிங்கரை ஒரு பால்காரர் வாங்கினார். தாக்ரே இந்த வழக்கைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. நானும் அதன்பின் அவரோடு எங்கும் கிளம்பவில்லை.