தீர்ப்பாளர் தேவை

இணையக் கலைக்களஞ்சியத்தின் தூத்துக்குடி மன்றத்தில் அன்று காலை எஸ்தர் பொன்மணியின் விசாரணை. சிறுவர்களுக்காகச் சில நகைச்சுவைக் கதைகள் எழுதியவர். எதுவும் இப்போது அச்சில் இல்லை. அவரைப் பற்றிய கட்டுரையை வைப்பதா, நீக்குவதா என்பதுதான் வழக்கு.

விருதையும் விமர்சனத்தையும் வைத்து எழுத்தாளரை எடைபோடும் வழக்கம் ஒழிந்துவிட்டது. இப்போது எல்லாம் சுவடுமானிதான். மனதில் தங்கும் ஒவ்வொரு வாக்கியமும் மூளையில் தனக்கென ஒரு மடிப்பை உண்டாக்குகிறது. பிறர் சொல்லிக் கேட்டிருந்தாலும் மடிப்பு அதேதான். எல்லோர் காதோரமும் ஒட்டியிருக்கும் பொட்டளவு உணரி அதைப் படித்து, முதலில் எழுதியவர் யாரென்று சொல்லிவிடும்.

தீர்ப்பாளர் திருமாறன் கறாரானவர். "உங்க பேரே நான் கேள்விப்பட்டதில்லையேம்மா."

"கட்டுரைய எடுத்துராதீங்க சார். பொண்ணு கல்யாணப் பத்திரிகையில 'எழுத்தாளர் மகள்'னு போட்டாச்சு. சம்பந்தி வீட்ல தினமும் தேடிப் பாக்குறாங்க."

திருமாறன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையசைத்தார். கருவியை இயக்கும் நப்பின்னை சுவடுமானியை முடுக்கினாள். திரை பாதியில் உறைந்து நின்றது.

"போச்சு, யானைக்குச் சளி புடிச்சிருச்சு!" என்று அலுத்துக்கொண்டார் திருமாறன்.

எஸ்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், அது என் கதையில வர்ற வரி."

"இதுவா? எது கெட்டுப்போனாலும் எல்லாரும் இதத்தானம்மா சொல்றாங்க!"

"சொல்லட்டும். முதல்ல எழுதுனது நான்தான்."

திரை உயிர்பெற்றது. வரைபடத்தில் துறைமுகம், மீன் சந்தை, பேருந்து நிலையம் எங்கும் மஞ்சள் புள்ளிகள், எஸ்தரின் சுவடு உள்ள ஆளுக்கு ஒன்றாக. அவை மதுரையைத் தாண்டி, சென்னையைத் தாண்டி, கடல் கடந்தும் பரவின. மன்றத்துக்குள்ளும் ஒன்று மின்னியது, சரியாகத் திருமாறன் உட்கார்ந்திருந்த இடத்தில்.

அவர் எழுந்து எஸ்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கட்டுரை இருக்கட்டும்!"

"நீங்க சொல்ல முடியாது சார்," என்றாள் நப்பின்னை. "எழுத்தாளரோட சுவடு உள்ளவர் தீர்ப்பு சொன்னா செல்லாது. விதி."

யாழ்ப்பாணம், பினாங்கு, டொராண்டோ எனத் தமிழ் தெரிந்த எல்லாத் தீர்ப்பாளர்களையும் தேடினார்கள். எல்லோருக்கும் மஞ்சள் புள்ளி. கடைசியில் ஐஸ்லாந்தில் ஒருவர் அகப்பட்டார். சுவடே இல்லை.

"அப்படி என்னதான் வரி அது?" என்று கேட்டார் அவர்.

நப்பின்னை சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐஸ்லாந்தில் ஒரு மஞ்சள் புள்ளி முளைத்தது.

வேறு வழியின்றி, தீர்ப்பு வரும்வரை கட்டுரையை அப்படியே விட்டு, அதன் மேலே ஓர் அறிவிப்பைப் போட்டார்கள்: 'இவரது எழுத்தின் சுவடு படாத தீர்ப்பாளர் தேவை.' எஸ்தர் அதை வாசித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்த மாதமே, கட்டுரை பெற்ற பெரிய எழுத்தாளர்கள் பலர் தங்களுக்கும் அதே அறிவிப்பைப் போடச் சொல்லி மனுச் செய்தார்கள். அவர்களுக்குத் தீர்ப்பாளர்கள் தாராளமாகக் கிடைத்தார்கள்.