இடது கை சொல்லாதது

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம்... உங்க கைதான் ரிப்பேர்!"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பவன். பிரஷர் மெஷின் அவளுடைய இடது கையில் மூன்று முறையும் எதுவும் காட்டாததால் நர்ஸ் அவனை அழைத்திருந்தாள். தன் கையில் சுற்றிப் பார்த்தான்; எண்கள் ஒழுங்காக வந்தன.

"கார் ஓட்டக் கத்துக் குடுக்கறவ நான். ஓட்டத் தெரியாதவன் வண்டியத்தான் குறை சொல்வான். நீங்க ஆளையே சொல்றீங்களே!"

கோபத்தில் படபடத்த அந்தக் கண்கள்... வெளியே மழை கொட்டியது. குடையை அங்கேயே மறந்துவிட்டு நனைந்துகொண்டே போனான்.

மறுநாள் நர்ஸ் சொன்னதைக் கேட்டதும் அவனுக்குச் சுருக்கென்றது. ரத்தக்குழாய்ச் சுவர்களே வீங்கிச் சுருங்கும் அபூர்வ நோய். இடது கையில் நாடியே இல்லை. கழுத்துக் குழாயும் நூலாய் மெலிந்திருந்தது. தலையைத் திருப்பினால் கண் இருட்டும்... இனி அவள் எப்படிக் கார் ஓட்டுவாள்?

"மன்னிப்புக் கேக்க வந்தேன்..."

"கேட்டாச்சுல்ல? கிளம்புங்க. பரிதாபப்பட எங்கம்மா ஒருத்தி போதும்!"

மூன்று மாதம் மருந்தில் வீக்கம் தணிந்தது. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சுருங்கிய கழுத்துக் குழாய்க்குள் பலூனை விரிக்கும் நாள் வந்தது. அவள் விழித்தே இருக்க வேண்டும். வலது கையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்தாள் நர்ஸ்.

"டாக்டர் சொல்றப்ப அழுத்தும்மா. கீச்சுன்னு கத்தினா மூளைக்கு ரத்தம் போகுதுன்னு அர்த்தம். பழைய பொம்மை கிழிஞ்சிருச்சு. நம்ம மெக்கானிக் கடை கடையா ஏறி இறங்கி வாங்கிட்டு வந்தாரு."

கண்ணாடிக்கு அப்பால், எக்ஸ்ரே மெஷினை இயக்கும் அறையில் அவன் நின்றிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

பலூன் விரிந்தது.

"அழுத்தும்மா."

சத்தம் இல்லை... ஒரு நொடி... இரண்டு...

கீச்!

உடனே இன்னொரு கீச்!

"ஒரு தடவைதானேம்மா சொன்னேன்?"

"ரெண்டாவது உங்களுக்கில்ல டாக்டர்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் மூச்சு விடாம நிக்கறாரு..."

மாலையில் வார்டுக்கு வந்தவன் கட்டிலருகே தயங்கி நின்றான்.

"பரிதாபத்துல வரல. அன்னிக்குத் திட்டினீங்களே... அப்பவே விழுந்துட்டேன்." மெல்ல அவள் இடது கையைத் தொட்டான்.

"அது ஒண்ணும் சொல்லாது. ரிப்பேர் கை!" அவள் வலது கையை நீட்டினாள். "இதப் பிடிச்சுப் பாருங்க..."

விரல்களுக்கடியில் நாடி குதித்து ஓடியது.

"என்னங்க டீச்சர், இவ்வளவு ஸ்பீடு? பிரேக் எங்க?"

அவள் முகம் சிவந்தது.

"உங்களப் பாத்தா மட்டும்... பிரேக் பிடிக்க மாட்டேங்குது."